பி.எம். கிசான் 2,000 ரூபாய் ஏறவில்லையா? பட்டா முதல் வங்கிக் கணக்கு வரை சரிபார்க்கும் முழு வழிகாட்டி

2025 நவம்பர் 19 அன்று பி.எம். கிசான் திட்டத்தின் 21-வது தவணை கோயம்புத்தூரிலிருந்தே விடுவிக்கப்பட்டது. நாடு முழுக்கச் சுமார் 9 கோடி விவசாயிகள், ஆளுக்கு 2,000 ரூபாய். ஒவ்வொரு தவணையிலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற இரண்டு பேரில் ஒருவருக்குப் பணம் ஏறுகிறது, மற்றவருக்கு ஏறுவதில்லை. ஏறாதவர் வங்கிக்குப் போகிறார். வங்கியில் வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். மூன்று நாள் வேலை கெட்டதுதான் மிச்சம்.

பெரும்பாலும் அவரை யாரும் தள்ளுபடி செய்திருக்க மாட்டார்கள். பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு, திட்ட இணையதளத்தில் உள்ள பதிவு ஆகிய நான்கும் ஒரே ஆளைக் காட்டினால்தான் பணம் நகரும். நான்கில் ஓரிடத்தில் கண்ணி அறுந்திருக்கும். அது எந்த இடம் என்று வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிட்டு, அந்த அலுவலகத்துக்கு மட்டும் போனால் போதும்.

முதலில் தகுதி

இதில் சந்தேகம் இருந்தால் மற்றதெல்லாம் வீண் அலைச்சல். திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, 2019 ஜூன் முதல் அந்த வரம்பு போய்விட்டது. இப்போது 10 சென்ட் வைத்திருப்பவருக்கும் 10 ஏக்கர் வைத்திருப்பவருக்கும் தொகை ஒன்றுதான். ஆண்டுக்கு 6,000 ரூபாய், ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச் என்று மூன்று தவணை.

தொகை குடும்பத்துக்குத்தான், பட்டாவுக்கு அல்ல. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். கணவன் பெயரில் ஒரு பட்டா, மனைவி பெயரில் இன்னொரு பட்டா என்று இருந்தாலும் ஒருவர்தான் வாங்கலாம். மூன்று கிராமங்களில் நிலம் இருந்தாலும் ஒரு பங்குதான். அதே சமயம், கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்து மூவருக்கும் தனித்தனிக் குடும்பம் இருந்தால் மூவருக்கும் தனித்தனியே உண்டு. கூட்டுப் பட்டா என்றாலே கிடைக்காது என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டிருக்கிறார்கள். அது தவறு.

அடுத்தது தேதி. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவர்களுக்கு இல்லை. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு நிலம் வந்தால் மட்டும் விதிவிலக்கு. இங்கே ஒரு குழி இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே 2019-க்குப் பிறகு மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால், குடும்பத்துக்குள் நடந்ததுதானே என்று நமக்குத் தோன்றும். விதிப்படி அது இறப்பால் வந்த வாரிசுரிமை ஆகாது.

கிடைக்காதவர்கள் பட்டியல் இது: கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள். மத்திய, மாநில அரசு, பொதுத்துறை, உள்ளாட்சி ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் (நான்காம் நிலை ஊழியருக்கு விலக்கு உண்டு). மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள். தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்குத் தணிக்கையாளர், கட்டடக் கலைஞர். முன்னாள், இந்நாள் எம்.எல்.ஏ., எம்.பி., மாநகராட்சி மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர். நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலம். குடும்பத்தில் ஒருவர் இதில் வந்தாலும் மொத்தக் குடும்பமும் விலகிவிடும். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால், கணவன் முழுநேர விவசாயியாக இருந்தாலும் கிடையாது.

குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் இல்லை. காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகச் சாகுபடி செய்கிற குடும்பங்கள் இதனால் வெளியே நிற்கின்றன. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குகிறவர் அவர். பெயர் மட்டும் ஏட்டில் வேறு. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் இன்றைய விதி இதுதான் என்பதால், குத்தகைதாரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 1: பதிவின் நிலையைப் பாருங்கள்

பிஎம்கிசான்.கவ்.இன் என்பதுதான் அரசின் தளம். அதில் விவசாயிகள் பகுதியில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்ற பெட்டி இருக்கும். பதிவு எண் கேட்கும். நம் மாநிலப் பதிவு எண் டி.என். என்ற எழுத்துகளில் தொடங்கும். எண் ஞாபகம் இல்லையென்றால் அதே பக்கத்தில் 'நோ யுவர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்' என்பதை அழுத்தி, கைப்பேசி எண்ணோ ஆதார் எண்ணோ கொடுத்து எடுக்கலாம். எண்ணை வங்கிப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

திரையில் நிறைய வரும். நான்கைந்து வரிகளை மட்டும் பாருங்கள்.

'லேண்ட் சீடிங்' என்பதற்கு எதிரே 'நோ' என்றிருந்தால் நில விவரம் ஏறவில்லை. வேலை பட்டாவிலும் வேளாண்மை அலுவலகத்திலும் இருக்கிறது.

'இ-கேஒய்சி' (ஆதார் வழியாக அடையாளத்தை உறுதி செய்வது) எதிரே 'நோ' என்றால் வீட்டிலேயே பத்து நிமிடத்தில் முடியும்.

'ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங்' எதிரே 'நோ' என்றால் வங்கி. வேறு யாரிடமும் போக வேண்டாம்.

மூன்றும் 'யெஸ்' என்று பச்சையாக இருந்து தவணைக்கு எதிரே 'ஆர்.எஃப்.டி. சைன்டு பை ஸ்டேட்' என்றிருந்தால், மாநில அரசு உங்கள் பெயரைச் சரிபார்த்துப் பணம் கேட்டு அனுப்பிவிட்டது என்று பொருள். 'எஃப்.டி.ஓ. ஜெனரேட்டட்' என்றிருந்தால் பணம் அனுப்பும் ஆணை தயார். இந்த இரண்டு நிலையிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. விடுவிக்கும் நாள் வரை பொறுத்திருங்கள். தவணை எப்போதும் காலக்கெடுவுக்குள் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கான 20-வது தவணை 2025 ஆகஸ்ட் 2 அன்றுதான் வந்தது.

பட்டியல் மொத்தமாகப் பார்க்க 'பெனிஃபிஷியரி லிஸ்ட்' இருக்கிறது. மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்வு செய்ய வேண்டும். இங்கே பலர் தடுமாறுவது கிராமப் பெயரில். நாம் குடியிருக்கும் குக்கிராமத்தின் பெயரையோ ஊராட்சியின் பெயரையோ தேடுவோம். தளம் கேட்பது வருவாய்க் கிராமத்தை. உங்கள் பட்டாவின் தலைப்பில் என்ன கிராமம் அச்சாகியிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: பட்டா

மற்ற மூன்றையும் சில வாரங்களில் சரி செய்துவிடலாம். பட்டா மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கோளாறு இங்கே இருந்தால் இதிலிருந்தே தொடங்குங்கள்.

வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் இன்றைய நிலவரம் இலவசமாகத் திரையில் வரும். பீரோவில் இருக்கும் பழைய நகலை நம்பாதீர்கள். நத்தம், நில எடுப்பு, உட்பிரிவு மாற்றம் என்று எவ்வளவோ நடந்திருக்கும்.

பார்க்க வேண்டியவை மூன்று. பெயர், தகப்பனார் பெயர், பரப்பு.

பெயரில் தமிழ் எழுத்து ஒன்று மாறினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆதாரில் முருகேசன், பட்டாவில் முருகேசக் கவுண்டர் என்றோ முருகேச மூப்பனார் என்றோ இருப்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று சரிக்கட்டும். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றால் அது வேறு கதை. அதற்கு இருவரும் ஒருவரே என்று வருவாய்த் துறையிடம் முறையாகச் சான்று வாங்கிப் பட்டாவைத் திருத்த வேண்டும். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி இதற்கு நல்ல நேரம். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேசைமேல் இருக்கும், அதிகாரியும் இருப்பார்.

பரப்பில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பட்டாவில் 'ஹெக்டேர் - ஏர்' என்ற தலைப்பின்கீழ் 0 - 40.50 என்று அச்சாகியிருக்கும். இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். 100 ஏர் சேர்ந்தது ஒரு ஹெக்டேர். ஆக, 0 - 40.50 என்றால் 0.405 ஹெக்டேர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். இதை 40.50 என்று தட்டினால் நூறு ஏக்கர் ஆகிவிடும். 0 - 05.00 என்பதை 0.5 என்று தட்டுவது இன்னும் அடிக்கடி நடக்கும் தவறு. உண்மையில் அது 0.05 ஹெக்டேர், கிட்டத்தட்ட 12 சென்ட். 0.5 என்று போட்டால் ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர் காட்டும். சரிபார்ப்பவர் பட்டாவோடு ஒப்பிடும்போது பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுவிடும். சென்ட் கணக்கில் பழகியவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு: ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்.

பட்டா இறந்துபோன அப்பா அல்லது தாத்தா பெயரில் இருந்தால் வரிசை இதுதான். இறப்புச் சான்று, அடுத்து இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்று, அதன்பிறகு பட்டா மாறுதல். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியட்டும், தனிப் பட்டா வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், நில அளவையர் வருகை, உட்பிரிவு என்று அது நீளும். வாரிசுகள் எல்லார் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவுக்கு நிலத்தை அளக்கத் தேவையில்லை. கிசான் பணத்துக்கு அது போதும். பங்கு பிரிப்பதைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். வாரிசுப் பட்டியலில் கட்டிக்கொடுத்த சகோதரிகளின் பெயரை விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பின்னால் வழக்காகிப் பட்டாவே முடங்குவதற்கு அதுதான் முதல் காரணம். சட்டப்படி அவர்களுக்கும் பங்கு உண்டு, பெயரைச் சேருங்கள்.

பட்டா சரியாக இருந்தும் 'லேண்ட் சீடிங்' 'நோ' என்று காட்டினால், புதிய பட்டா நகல், ஆதார் நகல், பதிவு எண் ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலர் அங்கே இருப்பார். விவரத்தை ஏற்றுவது அவர்கள் வேலை. தனியார் கணினி மையத்தில் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு 2020 நினைவிருக்க வேண்டும். அந்த ஆண்டு கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியே கசிந்து, நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போனதாக அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலாளர் அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பெயரும் பட்டாவோடு பொருத்திப் பார்க்கப்படுகிறது. அதில் நேர்மையான சின்ன விவசாயிகள் பலரும் எழுத்துப் பிழைக்காக மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் வேதனை.

படி 3: ஆதாரும் கைப்பேசி எண்ணும்

ஆதாரில் இணைந்த கைப்பேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா? பத்து வருடத்துக்கு முன் மகன் எண்ணைக் கொடுத்து, மகன் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டிருப்பான். ஓ.டி.பி. எங்கோ போகும். எண் மாற்ற இணையத்தில் வழியில்லாவிட்டால் ஆதார் சேவை மையத்துக்கோ, ஆதார் வசதி உள்ள அஞ்சலகத்துக்கோ நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் இதற்குக் கட்டணம் 75 ரூபாய். பெயர் திருத்தமும் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே தடவையில் கொடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், எந்த எழுத்தில் வேண்டும் என்று பட்டாவையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இ-கேஒய்சி முடிக்க மூன்று வழிகள். கைப்பேசி எண் இருந்தால் தளத்திலேயே ஓ.டி.பி. போட்டு முடிக்கலாம். எண் இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை. ஆனால் வரப்பு வெட்டி, நாற்றுப் பறித்துத் தேய்ந்த கைகளில் ரேகை விழாது. நான்கு முறை வைத்துப் பார்த்துவிட்டு, 'உங்க ரேகை எடுக்கலம்மா' என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே 2023 ஜூன் மாதம் முக அடையாள வசதி வந்தது. பி.எம். கிசான் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியும் ஒரு ஸ்மார்ட்போனில் இருந்தால் போதும். முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, முண்டாசையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். ஒரு விவசாயி தன் செயலியிலிருந்து அக்கம்பக்கத்தில் 100 பேருக்கு இதைச் செய்து கொடுக்க அனுமதி இருக்கிறது. ஊரில் படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு தெருவையே முடித்துவிடலாம்.

செயலியை பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்ஆப்பில் 'பி.எம். கிசான்' என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்தவர்கள் கணக்கிலிருந்த பணத்தையே இழந்திருக்கிறார்கள். அரசு எந்தச் செயலியையும் அப்படி அனுப்புவதில்லை.

படி 4: வங்கி, அதாவது பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது

தகுதியுள்ளவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணுக்குப் பணம் வருகிறது என்று நினைப்போம். இப்போது அப்படி இல்லை. பணம் உங்கள் ஆதார் எண்ணுக்கு அனுப்பப்படுகிறது. என்.பி.சி.ஐ. என்ற தேசியக் கொடுப்பனவுக் கழகத்திடம் ஒரு பொருத்துப் பட்டியல் இருக்கிறது. வங்கியில் அதை மேப்பர் என்பார்கள். இந்த ஆதாருக்கு இந்த வங்கி என்று அதில் ஒரே ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ அதுவே நிற்கும்.

இதனால் இரண்டு விதமான குழப்பம் வருகிறது. ஒன்று, பணம் வராமலே இல்லை, வேறு கணக்கில் வந்துகொண்டிருக்கும். எப்போதோ முகாமில் தொடங்கி மறந்துபோன கணக்கில் மூன்று தவணை சேர்ந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: 100 நாள் வேலைக் கூலி எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் அந்தக் கூலியும் ஆதார் வழியாகவே போகிறது. எனவே அந்த ஆளுக்கு இரண்டு பணமும் ஒரே கணக்குக்குத்தான் வரும். ஸ்மார்ட்போன் இருந்தால் மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி, எந்தத் தேதியில் ஏற்றியது, இப்போது நடப்பில் உள்ளதா என்று காட்டிவிடும்.

இரண்டாவது குழப்பம், 'வங்கியில் ஆதார் கொடுத்துவிட்டேனே!' என்பது. கொடுத்திருப்பீர்கள். அடையாளச் சான்றாக ஆதார் நகலை வாங்கிக் கணக்கோடு சேர்ப்பது ஒரு வேலை. மானியம் வருவதற்காக மேப்பரில் ஏற்றுவது தனி வேலை. முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஏற்றுவதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. ஆகவே வங்கியில் 'ஆதாரை இணைக்கணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'அரசு மானியம் வர என்.பி.சி.ஐ. மேப்பரில் ஏற்றணும், ஒப்புதல் படிவம் கொடுங்க' என்று கேளுங்கள். முன்பு வேறு வங்கியில் இருந்தால் அதன் பெயரைப் படிவத்தில் எழுதி, அங்கிருந்து இங்கே மாற்றக் கேட்கும் கட்டத்தில் குறியிடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கோரிக்கை திரும்பிவிடும். சில நாள் கழித்து மைஆதார் தளத்தில் மறுபடி பாருங்கள்.

வங்கி தொலைவாக இருந்தாலோ திரும்பத் திரும்ப அலைக்கழித்தாலோ, இந்திய அஞ்சல் கொடுப்பனவு வங்கியில் கணக்கு தொடங்குவது நல்ல மாற்று. கிளை அஞ்சலக அலுவலரோ தபால்காரரோ கையில் உள்ள கருவியிலேயே ஆதார், கைப்பேசி எண் கொண்டு கணக்கு திறந்து மேப்பரிலும் ஏற்றித் தருவார்கள். பணம் வந்ததும் அவரிடமே கைரேகை வைத்து எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அதன்பிறகு கேஸ் மானியம் முதல் கூலி வரை ஆதார் வழியாக வரும் எல்லாப் பணமும் அந்தக் கணக்குக்கு மாறிவிடும். வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டு ஆண்டுகள் வரவுசெலவு எதுவும் இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்காக வைத்துவிடுவார்கள். அதற்கு மறுபடி ஆவணங்கள் கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியாக இணைந்தன. சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் 2020-இல் வேறு வங்கிகளோடு சேர்ந்துவிட்டன. அந்தப் பழைய புத்தகத்தை இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் புதுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: விவசாயி அடையாள எண்

2025 தொடக்கத்திலிருந்து கிராமந்தோறும் முகாம் போட்டுத் தனித்துவ அடையாள எண் வழங்கினார்கள். 11 இலக்கம் கொண்டது. ஆதாரையும் உங்கள் பெயரில் உள்ள எல்லாப் புல எண்களையும் ஒன்றாகக் கட்டும் எண் இது. பட்டா, ஆதார், ஆதாரில் இணைந்த கைப்பேசி மூன்றையும் கொண்டு போனால் வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டணமின்றிப் பதியலாம். பதியும்போது ஒரு புல எண்ணை விட்டாலும் பிற்பாடு பயிர்க் காப்பீடு, மானிய விலை இடுபொருள் எல்லாவற்றிலும் அந்த நிலம் கணக்கில் வராது. திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பட்டாவில் உள்ள ஒவ்வொரு புல எண்ணும் வந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

புதிதாகச் சேர்பவர்கள்

மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்தால் விண்ணப்பம் கால்மணி நேர வேலை. தளத்தில் 'நியூ ஃபார்மர் ரெஜிஸ்ட்ரேஷன்' எடுத்து ஆதார் எண், கைப்பேசி எண், மாநிலம் கொடுத்து இரண்டு ஓ.டி.பி.களையும் போடுங்கள். ஆதாரிலிருந்து பெயர் தானாக வரும். மாவட்டம், வட்டம், வட்டாரம், வருவாய்க் கிராமம், குடும்ப அட்டை எண், அடையாள எண், பட்டா எண், புல எண், ஹெக்டேரில் பரப்பு ஆகியவற்றை நிரப்புங்கள். உட்பிரிவோடு புல எண் எழுதுங்கள். 112/3ஏ என்றிருப்பதை 112 என்று மட்டும் போட்டால் பொருந்தாது. நிலம் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு உங்கள் பெயருக்கு வந்தது என்றால் காரணத்தில் இறப்பால் வந்த வாரிசுரிமை என்பதைத் தேர்ந்தெடுத்து இறப்புச் சான்றையும் கையில் வைத்திருங்கள். பட்டாவைத் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தில் புல எண் மங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதிவு முடிந்ததும் அது ஒப்புதலுக்காக வரிசையில் நிற்கும். இணையத்தில் பதிந்தாயிற்று என்று இருந்துவிடாமல், இரண்டு வாரத்துக்குள் அதே ஆவணங்களின் நகலைப் பதிவு எண் எழுதி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்தி வைத்திருந்தால்

2025 பிற்பகுதியில் மத்திய வேளாண்மை அமைச்சகம் சந்தேகத்துக்குரிய பதிவுகளைத் தனியே பிரித்து, நேரடி விசாரணை முடியும்வரை பணத்தை நிறுத்தியது. 2019 பிப்ரவரிக்குப் பிறகு நிலம் வாங்கியவர்கள், ஒரே குடும்பத்தில் கணவனும் மனைவியும் வாங்குபவர்கள் ஆகியோர் இதில் வருகிறார்கள். தனித்தனிக் குடும்ப அட்டை வைத்திருக்கும் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டு முகவரியால் மாட்டியிருந்தால், இரண்டு குடும்ப அட்டைகளையும் காட்டி விளக்கலாம். உண்மையிலேயே இருவர் வாங்கிவிட்டீர்கள் என்றால், ஒருவர் தளத்தில் உள்ள 'வாலண்டரி சரண்டர்' வழியாக விலகி, வாங்கியதை 'ஆன்லைன் ரீஃபண்ட்' மூலம் கட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் வசூல் நோட்டீசு வரும்.

பயனாளி இறந்துவிட்டால் அவர் கணக்குக்கு வரும் பணத்தை ஏ.டி.எம். அட்டை வைத்து எடுக்காதீர்கள். இறப்புச் சான்றைக் கொடுத்துப் பெயரை நீக்கிவிட்டு, பட்டா மாறியதும் வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கோளாறால் நின்ற தவணைகள், தகுதி இருந்து சரிசெய்துவிட்டால் சேர்ந்து வரும். ஆகவே தாமதமாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

கேட்க வேண்டிய இடங்கள்: உதவி எண் 155261, தளத்தில் உள்ள கிசான் இ-மித்ரா என்ற தானியங்கிப் பதில் சேவை (தமிழிலேயே கேட்கலாம்). அதற்கு மேல் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர். அங்கும் ஒரு மாதத்தில் நகரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு, அல்லது மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். குறைதீர் கூட்டத்துக்கு வேளாண்மை, வருவாய், கூட்டுறவு மூன்று துறையும் வந்திருப்பார்கள் என்பதால் அதுவே நல்லது.

மனுவை 'எனக்குப் பணம் வரவில்லை, ஆவன செய்ய வேண்டும்' என்று எழுதினால் அது சுற்றி வந்து உங்களிடமே நிற்கும். இப்படி எழுதுங்கள்:

'எனது பி.எம். கிசான் பதிவு எண் ........ . 19-வது தவணை வரை வந்தது, 20-வதிலிருந்து வரவில்லை. தளத்தில் இ-கேஒய்சி, வங்கி இணைப்பு ஆகியவை முடிந்ததாகவும், நில விவரம் மட்டும் இணையவில்லை என்றும் காட்டுகிறது. எனது நிலம் ........ வட்டம், ........ கிராமம், பட்டா எண் ........, புல எண் ........, பரப்பு 0.405 ஹெக்டேர். 2019 பிப்ரவரி 1-க்கு முன்பிருந்தே என் பெயரில் உள்ளது. பட்டா நகல், ஆதார் நகல், தளத்தின் நிலைப்பக்க அச்சு இணைத்துள்ளேன். நில விவரத்தை ஏற்றி, நிலுவைத் தவணைகளை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

இரண்டு படி எடுத்து, இரண்டாவதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.